ஊட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தங்க வேட்டை ஊர்... தேவாலாவுக்கு ஒரு ஃபேமிலி டிரிப்!

கோவையில இருந்து கார் எடுத்தா நம்ம வண்டி பெரும்பாலும் ஊட்டியோட நின்னுடும். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, வர்க்கி, சாக்லேட்... முடிஞ்சது டூர். இன்னும் கொஞ்சம் தூரம் போறவங்களும் கூடலூர்ல டீ குடிச்சுட்டு முதுமலைப் பக்கமோ, வயநாட்டுப் பக்கமோ திரும்பிடுவாங்க.

அந்தக் கூடலூரைத் தாண்டி சுமார் 15 கி.மீ-ல இருக்கிற சின்ன ஊர் தேவாலா. பக்கத்துலயே பந்தலூர். பார்த்தா ஒரு கடைவீதி, ஒரு பஸ் ஸ்டாப், சுத்தி தேயிலை. ஆனா 1880-ல லண்டன் பங்குச்சந்தையில இந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கோடிக்கணக்குல பணம் திரட்டினாங்க. தமிழ்நாட்டுல கலிஃபோர்னியா மாதிரி, ஆஸ்திரேலியா மாதிரி ஒரு தங்க வேட்டை நடந்த இடம் இதுதான். அது எப்படி வந்தது, எப்படிக் கவிழ்ந்தது, இப்போ குடும்பத்தோட போனா எதைப் பார்க்கலாம், எதுக்குக் கிட்டவே போகக் கூடாது... எல்லாத்தையும் பார்ப்போம்.

எங்கே இருக்கு தேவாலா?

நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா. கோவை - மேட்டுப்பாளையம் - குன்னூர் - ஊட்டி - நடுவட்டம் - கூடலூர் - நாடுகாணி - தேவாலா. மொத்தம் 150 கி.மீ-க்குக் கொஞ்சம் மேல. தூரம் கம்மிதான். ஆனா முழுக்க மலைப்பாதை என்பதால, சாப்பாடு, டீ, பசங்களோட வாந்தி பிரேக் எல்லாம் சேர்த்து 6 மணி நேரம் வெச்சுக்குங்க.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு. கூடலூர் சுமார் 1,000 மீட்டர்தான். அதனால ஊட்டியில ஸ்வெட்டர் போட்ட பசங்க, கூடலூர் வந்ததும் கழட்டிடுவாங்க. மண்ணும் மாறும், மரமும் மாறும், கடைப் பலகையில தமிழோட மலையாளமும் சேர்ந்துக்கும்.

அதுக்குக் காரணம் இருக்கு. நிலவியல்படி பார்த்தா இது நீலகிரி மலையோட உச்சி இல்லை, வயநாட்டுப் பீடபூமியோட தென்கிழக்கு மூலை. 1877 வரைக்கும் இந்தப் பகுதி மலபார் மாவட்டத்துலதான் இருந்தது. அந்த வருஷம்தான் நீலகிரியோட சேர்த்தாங்க. அதனால பழைய ஆவணங்கள்ல 'தேவாலா தங்கம்'னு தேடினா அவ்வளவா கிடைக்காது, 'தென்கிழக்கு வயநாட்டுத் தங்க வயல்'னு தேடணும்.

முதல்ல தோண்டினது வெள்ளைக்காரங்க இல்ல!

தங்க வேட்டைக் கதைன்னாலே துரைமார் வந்து கண்டுபிடிச்சாங்கனுதான் சொல்லுவாங்க. இங்கே அது பொய். வெள்ளைக்காரர்கள் வர்றதுக்கு முன்னாடியே குறும்பர்களும் பணியர்களும் இந்தக் காட்டுல தங்கம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஓடை மணலை மரத் தட்டுல அள்ளி, தண்ணியில சுழற்றிச் சுழற்றி அலசுவாங்க. லேசான மணல் வெளியே போயிடும், கனமான தங்கத்துகள் அடியில தங்கிடும். சில இடங்கள்ல பாறையைக் குடைஞ்சு ஆழமான குழிகளும் வெட்டியிருக்காங்க. பின்னாடி வந்த இன்ஜினீயர்கள் 'எங்கே தோண்டலாம்?'னு தேடினப்போ, அவங்களுக்கு வழிகாட்டினதே இந்தப் பழைய குழிகள்தான்.

இங்கே உற்பத்தியாகிற பாண்டியாறும் புன்னம்புழாவும் மலையிறங்கி சாலியாற்றுல சேருது. அந்தத் தண்ணியோட தங்கத்துகளும் இறங்கும். அதனாலதான் கீழே கேரளாவுல நிலம்பூர் பக்கம் ஆற்று மணல்லயும் மக்கள் தங்கம் அலசியிருக்காங்க.

கம்பெனி அரசாங்கத்துக்கு இதுல ஆசை வந்தது 1831-ல. மலபார் கலெக்டரா இருந்த ஷெஃபீல்ட், 'இங்கே தங்கம் கிடைக்குது'னு எழுதினார். பார்த்துட்டு வரச்சொல்லி லெப்டினன்ட் நிக்கல்சன் என்கிற ராணுவ அதிகாரியை அனுப்பினாங்க. அவர் காட்டுக்குள்ள அலைஞ்சு பார்த்தார். ஆனா காய்ச்சல், காடு, செலவு எல்லாத்தையும் கணக்குப் போட்ட அரசாங்கம் அந்த யோசனையையே ஓரம் கட்டிடுச்சு. அடுத்த 30 வருஷத்துக்கு வயநாட்டுல எல்லாருக்கும் ஒரே மோகம்தான்... காபி!

காபி பட்டுப்போச்சு... தங்கம் துளிர்த்துச்சு!

இந்தக் கதையில திருப்பம் கொடுத்தது ஒரு பூஞ்சை. 1869-ல இலங்கைக் காபித் தோட்டங்கள்ல இலைத்துரு நோய் தாக்கினது. இலையோட அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்துல பொடி படியும், இலை கொட்டும், செடி காய்க்காது. அடுத்த சில வருஷங்கள்ல அது தென்னிந்தியாவுக்கும் வந்துடுச்சு. ஏற்கெனவே தண்டு துளைக்கும் வண்டு வேற. வயநாட்டுல காபி போட்ட துரைமார் கடன்ல மூழ்கினாங்க. எஸ்டேட்டை விற்கலாம்னா வாங்க ஆள் இல்லை.

அதே சமயத்துல, ஆஸ்திரேலியத் தங்க வயல்கள்ல வேலை பார்த்த அனுபவசாலிகள் சிலர் 1860-கள்ல இங்கே வந்து, காபித் தோட்டத்துக்கு நடுவுல நீட்டிக்கிட்டிருந்த வெங்கச்சங்கல் பாறைகளைத் தட்டிப் பார்த்தாங்க. நம்ம ஊர் மேட்டாங்காட்டுல வெள்ளை வெளேர்னு கிடக்குமே, அதே வெங்கச்சங்கல்தான். இந்தக் கல்லோட நரம்புகள்ல தங்கம் ஒளிஞ்சிருக்கும். 1874-ல 'ஆல்ஃபா' என்கிற கம்பெனி தேவாலாவுல வேலையை ஆரம்பிச்சது. 1875-ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், இந்தத் தங்க வயல் பற்றி அறிக்கை கொடுத்தார்.

அப்புறம் வந்தார் ராபர்ட் பிரஃப் ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துல சுரங்கத் துறைச் செயலாளரா இருந்தவர். 1879-ல இந்திய அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு, இந்தப் பகுதியை அளந்து பார்க்கச் சொன்னது. 1880-ல அவர் கொடுத்த அறிக்கை, 'இங்கே தங்கம் இருக்கு, நல்லாவே இருக்கு' என்கிற தொனியில இருந்தது. அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

1880: லண்டனுக்குப் பிடிச்ச பித்து

இரண்டே வருஷத்துல, தென்கிழக்கு வயநாட்டுல தங்கம் தோண்டப் போறோம்னு இங்கிலாந்துல 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவாகின. அவங்க அறிவிச்ச மொத்த மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல. இது அந்தக் காலத்துக் கணக்கு. தேவாலாவை மேப்புல காட்டத் தெரியாத ஆட்கள்கூட சேமிப்பை எடுத்து ஷேர் வாங்கினாங்க.

நேத்து வரைக்கும் வாங்க ஆள் இல்லாமக் கிடந்த காபி எஸ்டேட்டுக்கு, இன்னிக்கு 'கீழே தங்கம் இருக்கு'னு சொன்னதும் ராஜ விலை. பந்தலூரும் தேவாலாவும் ஒரே மூச்சுல வளர்ந்துச்சு. பங்களாக்கள், கடைகள், வேலையாட்கள்... காட்டுக்கு நடுவுல திடீர் நகரம். பாறையை இடிக்கிற ராட்சச இரும்பு இயந்திரங்கள் இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்து, மாட்டு வண்டியில மலையேறின. இன்னிக்குக் கார்ல போகும்போதே மூச்சு வாங்குற கொண்டை ஊசி வளைவுகளை நினைச்சுப் பார்த்தா, அது எவ்வளவு பெரிய வேலைனு புரியும்.

இப்பவும் பந்தலூர் பக்கம் 'கிளென்ராக்'னு ஒரு பெயர் காதுல விழும். அது அந்தக் காலத்துத் தங்கக் கம்பெனி ஒண்ணோட பெயர். கம்பெனி போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல ஆச்சு, பெயர் மட்டும் நிலத்தோட ஒட்டிக்கிச்சு.

ஏன் கவிழ்ந்தது?

தங்கம் இல்லாமலா? இல்ல. தங்கம் இருந்தது. கட்டுப்படியாகிற அளவுக்கு இல்லை. இந்த வித்தியாசம்தான் மொத்தக் கதையும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு டன் கல்லுல 5 கிராம் தங்கம் இருக்குனு வெச்சுக்குங்க. ஒரு சவரன் 8 கிராம். அப்போ ஒரு சவரனுக்கு 1,600 கிலோ பாறையை உடைச்சு, மாவா அரைச்சு, அலசணும். நம்ம பக்கம் ஒரு கல்யாணத்துக்கு 40 சவரன் போடுறாங்கன்னா, அதுக்கு 64 டன் கல். 10 டன் லாரியில 6 லோடு அடிச்சும் மிச்சம் 4 டன் இருக்கும். இதுவும் கல்லுல இருக்கிற தங்கம் மொத்தமும் கைக்கு வந்தாத்தான். அந்தக் காலத்துல அப்படி வரவே வராது. அரைச்ச கல்லுல பாதரசத்தைக் கலந்துதான் தங்கத்தைப் பிரிச்சாங்க. கந்தகம் கலந்த தாதுல இருக்கிற தங்கம் பாதரசத்துல சரியா ஒட்டாது, தண்ணியோட போயிடும். மிச்ச தங்கத்தையும் கரைச்சு எடுக்கிற சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கினதே 1887-லதான். அதுக்குள்ள இங்கே கடையைச் சாத்திட்டாங்க.

இரண்டாவது காரணம், பணம் போன வழி. திரட்டின மூலதனத்துல பெரும் பங்கு, தோட்டத்தையும் நிலத்தையும் வாங்குறதுலயே கரைஞ்சது. தோண்டுறதுக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம். மூணாவது, வயநாட்டுக் காய்ச்சல் என்று அப்போ சொன்ன மலேரியா. ஆட்கள் வந்த வேகத்துல படுத்தாங்க.

1882-லயே காற்று இறங்க ஆரம்பிச்சுடுச்சு. அடுத்த சில வருஷத்துல ஒவ்வொரு கம்பெனியா மூடினாங்க. கப்பலேறி வந்த இயந்திரங்கள் காட்டுலயே துருப்பிடிச்சுக் கிடந்தன. சரி, ஒருவேளை அவசரப்பட்டுட்டாங்களோனு 1901-ல ஹேடன், ஹேட்ச் என்கிற இரண்டு புவியியல் நிபுணர்கள் மறுபடி ஆராய்ஞ்சு எழுதினாங்க. அவங்க முடிவும் அதேதான்... லாபம் வராது.

அப்போ இந்தத் தங்க வேட்டையில யாருமே சம்பாதிக்கலையா? சம்பாதிச்சாங்க. நிலத்தை வித்தவங்களும், ஷேரை ஏத்தி வித்துட்டுக் கிளம்பினவங்களும் சம்பாதிச்சாங்க. ஈமு கோழி, ஆன்லைன் டிரேடிங், 'மாசம் இவ்வளவு வட்டி'னு எத்தனையோ பார்த்த கொங்கு மண்டலத்துக்காரங்களுக்கு இந்தக் கணக்கை ரொம்ப விளக்க வேண்டியதில்லைங்க.

அதே வருஷம், கோலார்ல...

இங்கே கம்பெனிகள் முளைச்ச அதே 1880-லதான் கோலார் தங்க வயல்லயும் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி ஆரம்பமாச்சு. முதல் சில வருஷம் அங்கேயும் நஷ்டம்தான். கையிருப்பு கரைஞ்சு, மூடிடலாமானு பங்குதாரர்கள் யோசிச்சாங்க. நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்டிருந்த ஜான் டெய்லர் நிறுவனம், 'கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணலாம்'னு சொல்லி, கேப்டன் பிளம்மர் என்பவரை அனுப்பினது. அவர் பழைய குழிகளைப் பின்தொடர்ந்து ஆழமா இறங்கினப்போ, சாம்பியன் தாதுப் படிவம் கிடைச்சது. அப்புறம் நடந்தது வரலாறு. 2001-ல மூடுற வரைக்கும் 120 வருஷத்துல சுமார் 800 டன் தங்கம். தமிழ்நாட்டோட வட மாவட்டங்கள்ல இருந்து போன ஆயிரக்கணக்கான குடும்பங்களோட உழைப்பும் உயிரும் அதுல இருக்கு.

ஆக, ஒரே காலம், ஒரே மோகம், ஒரே தொழில்நுட்பம். வித்தியாசம் பூமிக்குள்ள. கோலார் தாதுல ஆரம்பக் காலத்துல டன்னுக்கு 40 கிராமுக்கு மேல தங்கம் இருந்தது. தேவாலாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தங்கம் போச்சு, தேயிலை வந்துச்சு

ஊர் காலியாகிடலை. காபி இருந்த சரிவுகள்ல தேயிலை வந்தது. இன்னிக்கு நீங்க பார்க்கிற பச்சைக் கம்பளத்துல ஒரு பகுதி அரசுக்குச் சொந்தமான டான்டீயோடது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில இருந்து திரும்பின மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல தமிழ்நாடு அரசு தொடங்கின தேயிலைத் திட்டம் அது.

அதனால தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் ஒரு டீக்கடையில உட்கார்ந்தீங்கன்னா, ஒரே பெஞ்சுல பல வரலாறு உட்கார்ந்திருக்கும். கண்டியிலயோ ஹட்டன்லயோ பிறந்த தாத்தா, மலையாளம் பேசுற கடைக்காரர், இந்த மண்ணோட மூத்த குடிகளான பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் சமூகத்து மக்கள், வயநாடன் செட்டிமார். நிலம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி மட்டும் இங்கே இன்னும் தீரலை. நிலம்பூர் கோவிலகத்தோட ஜென்ம நிலமா இருந்த இந்தப் பகுதிக்குன்னே 1969-ல தனிச் சட்டம் போட்டாங்க. அதைத் தொட்ட வழக்குகளும், பட்டா கோரிக்கைகளும் ஊர்ப் பேச்சுல எப்பவும் இருக்கும்.

இன்னும் தோண்டுறாங்க... அதுதான் ஆபத்து!

இப்போ முக்கியமான விஷயம். அந்தக் காலத்துக் குழிகளும் சுரங்கங்களும் இன்னும் மூடாமக் கிடக்கு. எஸ்டேட்டுக்குள்ள, காட்டுக்குள்ள, புதர் மூடி, எங்கே வாய் திறந்திருக்குனே தெரியாம. எஸ்டேட் கூலியில குடும்பத்தை ஓட்ட முடியாதவங்கள்ல சிலர், ராத்திரியில டார்ச் கட்டிக்கிட்டு இந்தக் குழிகளுக்குள்ள இறங்கி, கல்லை வெட்டி எடுத்து, வீட்டுல இடிச்சு, பாதரசம் போட்டுத் தங்கம் பிரிக்கிறாங்க. இது சட்டவிரோதம். வனத்துறையும் போலீஸும் குழிகளை மூடுறதும், மறுபடி தோண்டுறதும் தொடர்ந்து நடக்குது. மண் சரிஞ்சும் மூச்சுத் திணறியும் ஆட்கள் செத்த செய்திகளும் இந்தப் பக்கத்துல இருந்து வந்துக்கிட்டே இருக்கு.

பாதரசமும் சும்மா விடாது. தங்கத்தோட கலந்த பாதரசத்தைப் பிரிக்க அதைச் சூடு பண்ணுவாங்க. அந்த ஆவி நிறம் இல்லாதது. மூச்சுல போனா நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரொம்ப ஆபத்து. ஓடையில கலந்தா மீன் வழியா மறுபடி மனுஷனுக்கே வரும்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். 'பழைய தங்கச் சுரங்கத்துக்குள்ள போறோம்'னு ரீல்ஸ் எடுக்கிற ஆசையை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. 'நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்'னு யாராவது சொன்னாலும் வேண்டாம். உள்ளே பிராணவாயு குறைவா இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. நின்ன இடத்துலயே மயங்கி விழுவோம், காப்பாத்த இறங்குறவங்களும் மாட்டுவாங்க. மழை பெஞ்ச மண் எப்போ சரியும்னு யாருக்கும் தெரியாது. அதோட வனப்பகுதிக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சாலே வழக்கு.

அப்போ எதைத்தான் பார்க்கிறது? நிறைய இருக்கு!

வழியெல்லாம் கதைதான்: எங்கெல்லாம் நிறுத்தலாம்?

பைக்காரா: ஊட்டியில இருந்து கூடலூர் ரோட்டுல சுமார் 20 கி.மீ. அருவி, படகுச் சவாரி எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம், 1932-ல இங்கே தொடங்கின மின் உற்பத்திதான் கோவை மில்களுக்குக் கரன்ட் கொடுத்து, நம்ம ஊரை ஜவுளி நகரமா மாத்தினது. நீலகிரி கொங்கு நாட்டுக்குக் கொடுத்த நிஜப் புதையல் தங்கம் இல்லை, தண்ணி. பசங்ககிட்ட இதை இங்கேயே சொல்லிடுங்க.

நடுவட்டம்: மலேரியாவுக்கு மருந்தான குயினைனுக்காக 1860-கள்ல சின்கோனா மரம் வளர்த்த இடம். அந்தத் தோட்டத்துல வேலை செய்ய, மலாய்த் தீபகற்பப் பக்கம் இருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளைப் பயன்படுத்தினாங்க. அப்போதைய சிறையை டான்டீ பாதுகாத்து, பார்வையாளர்களுக்குக் காட்டுறாங்க. கீழே தேவாலாவுல தங்கம் தேடினவங்க எந்தக் காய்ச்சல்ல விழுந்தாங்களோ, அதுக்கான மருந்து மேலே இங்கேதான் விளைஞ்சது.

ஊசிமலை காட்சிமுனை, தவளைமலை: கூடலூருக்கு முன்னாடி. மேகம் இல்லாத நாள்ல கூடலூர்ப் பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். 'அதோ அந்தப் பக்கம்தான் தங்க வேட்டை நடந்த இடம்'னு காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

கூடலூர்: ராத்திரி தங்க வசதியான ஊர். புட்டு - கடலைக்கறி, பரோட்டா, கட்டன்சாயா எல்லாம் நல்லா கிடைக்கும்.

நாடுகாணி: இங்கேதான் ரோடு பிரியும். ஒரு பக்கம் நிலம்பூர் இறங்குற மலைப்பாதை, இன்னொரு பக்கம் தேவாலா. வனத்துறையோட ஜீன் பூல் பூங்கா இங்கே இருக்கு. அரிய மரம், செடிகளைப் பாதுகாக்கிற இடம். பசங்களை ஓட விட்டு, பெரியவங்க நிழல்ல உட்காரலாம். திறந்திருக்கானு முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

தேவாலா, பந்தலூர்: கடைவீதியில நடங்க, டீ குடிங்க, தேயிலைத் தூளும் மிளகும் வாங்குங்க. தேவாலாவுல அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கு. ரோட்டோரம் வெட்டின மண்மேட்டுல செம்மண்ணுக்கு நடுவுல வெள்ளைக் கோடு மாதிரி வெங்கச்சங்கல் நரம்பு ஓடும், ரோட்டுல நின்னே பார்க்கலாம். அதைப் பார்த்துத்தான் லண்டன்ல 40 லட்சம் பவுண்டு கொட்டினாங்க. இந்த வரலாற்றைச் சொல்ல இங்கே ஒரு அருங்காட்சியகம் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் கிடைக்கும், ஆபத்தான குழிகளுக்குள்ள ஆர்வக்கோளாறுல இறங்குறதும் குறையும்.

பசங்களுக்கு ஒரு தங்க விளையாட்டு

சுரங்கத்துக்குள்ள போகாமலே தங்கம் அலசுறது எப்படினு காட்டலாம். ஒரு சாப்பாட்டுத் தட்டு, இரண்டு கை மணல், நாலஞ்சு சின்ன இரும்பு நட்டு. எல்லாத்தையும் கலந்து, பக்கெட் தண்ணிக்குள்ள தட்டை லேசாச் சாய்ச்சு சுழற்றச் சொல்லுங்க. மணல் வழிஞ்சு போகும், நட்டு அடியில நிற்கும். ஏன்னா இரும்பு மணலைவிட சுமார் 3 மடங்கு கனம். தங்கமோ 7 மடங்கு கனம். குறும்பர் ஓடையில செஞ்சதும் இதுதான். கோவையில நகைப் பட்டறைகள் இருக்கிற வீதிகள்ல, விடியறதுக்கு முன்னாடியே தெருமண்ணைக் கூட்டி அள்ளி, அலசித் தங்கத்துகள் எடுக்கிறவங்க செய்யறதும் இதுதான்.

ரோட்டுல ஏதாவது மின்னுற கல்லை எடுத்துட்டு வந்து, 'தங்கம்பா!'னு பசங்க கத்துவாங்க. தகடு தகடா உரிஞ்சு வந்தா அது காக்காப்பொன். பித்தளை நிறத்துல மின்னி, வெள்ளை ஓட்டுல தேய்ச்சா கறுப்புக் கோடு விழுந்தா அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். தங்கமா இருந்தா மஞ்சள் கோடுதான் விழும். சுத்தியல்ல தட்டினா தங்கம் நசுங்கும், பைரைட் நொறுங்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட்

* இ-பாஸ்: வெளிமாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள்ள போக இ-பாஸ் நடைமுறை 2024 மே 7-ல் தொடங்கினது. இப்போதைய நிலவரத்தைப் பார்த்துப் பதிவு பண்ணிட்டுக் கிளம்புங்க. சீசன்ல குன்னூர் வழியா ஏறி, கோத்தகிரி வழியா இறங்குற மாதிரி ஒருவழிப் பாதை ஆக்குவாங்க.

* எப்போ போகலாம்? டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்லது. ஜூன் - ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில தமிழ்நாட்டுலயே அதிகம் மழை பெய்யிற ஊர்கள் பட்டியல்ல தேவாலா அடிக்கடி முதல் இடத்துல வரும். மண்சரிவு, மரம் விழறது, அட்டைக்கடி எல்லாம் சேர்ந்து வரும்.

* எத்தனை நாள்? இரண்டு நாள். முதல் நாள் பைக்காரா, நடுவட்டம், ஊசிமலை பார்த்துட்டுக் கூடலூர்ல தங்குங்க. மறுநாள் காலையில நாடுகாணி, தேவாலா, பந்தலூர் சுத்திட்டு மதியத்துக்குள்ள திரும்புங்க.

* யானை, சிறுத்தை: இது அவங்க வீடு. அந்தி சாய்ஞ்ச பிறகு இந்தப் பாதைகள்ல வண்டி ஓட்ட வேண்டாம். எஸ்டேட் வழியில பசங்களைத் தனியா விடாதீங்க. யானையைப் பார்த்தா ஹாரன் அடிக்காம, இறங்கி செல்ஃபி எடுக்காம, தூரத்துலயே நிறுத்திக் காத்திருங்க.

* பிளாஸ்டிக்: நீலகிரியில ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில், கட்டுச்சோத்துக்கு வாழை இலை.

* வண்டி: இறக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பாம இரண்டாவது கியர்ல இறங்குங்க. கூடலூர் தாண்டி சில இடங்கள்ல சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்குங்க.

* மரியாதை: பழங்குடி மக்களோட வீடுகளையும் அவங்களையும் கேட்காம போட்டோ எடுக்காதீங்க. எஸ்டேட்டுக்குள்ள போகணும்னா அனுமதி வாங்கிட்டுப் போங்க.

அடுத்த லாங் வீக்எண்ட்டுக்கு ஊட்டியில ரூம் தேடி அலையறதுக்குப் பதிலா, இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இறங்கிக் கூடலூர் போய்ப் பாருங்க. தங்கம் கிடைக்காது. ஆனா பட்டுப்போன காபித் தோட்டத்துக்கு எப்படி ராஜ விலை கிடைச்சது, அந்தப் பணத்தை இழந்தது யாருனு பசங்க தெரிஞ்சுக்கிட்டு வருவாங்க. நாளைக்கு அவங்ககிட்ட யாராவது 'கேரன்டி லாபம்'னு சொல்லும்போது அது கை கொடுக்கும்.